பழி யார்மேல்? – திரைப்பாடல்களில் இளைஞர் எதிர்ப்புணர்வும் தன்னம்பிக்கையும்

முன்னுரை

இளைஞரை விளித்து எழுகவென்றும் வெல்கவென்றும் கூறும் பாடல்கள் தமிழ்த் திரையிசையில் தனியொரு வகையாகக் கொள்ளத்தக்க அளவிற்குப் பெருகியுள்ளன. தாலாட்டு, ஒப்பாரி, காதற்பாடல் ஆகியவற்றை நாட்டார் வழக்காற்றோடு ஒப்பிட்டு ஆராயும் மரபு நம்மிடம் நன்கு வேரூன்றியுள்ளது. எழுச்சிப் பாடல்களைப் பொறுத்தவரை, 'சமுதாயச் சிந்தனைகள்', 'தன்னம்பிக்கைக் கருத்துகள்' என்னும் தலைப்புகளின்கீழ் அவற்றை எடுத்துக்காட்டுகளாகத் தொகுத்தளிப்பதோடு ஆய்வுகள் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. தன்னம்பிக்கை நன்று என்பது ஆய்வுக்கு முன்னரே முடிந்த முடிபாகிவிடுவதால், அது யார்க்கு நன்று, எந்நிலையில் நன்று என்னும் வினாக்கள் எழ இடமில்லாமற் போகின்றது. அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'முயன்றால் முடியும்' என்பது இவ்வகைப் பாடல்களின் பொதுக் கூற்று. இதனை விதிவிலக்கற்ற உண்மையெனக் கொண்டால், 'முடியாதொழிந்தவன் முயலாதவன்' என்பது அருத்தாபத்தியாற் பெறப்படும். இவ்வடியைக் கவிஞர் எவரும் எழுதுவதில்லை. ஆயினும் பாடலைக் கேட்பவருள் தோல்வியுற்றவன் அதனையும் சேர்த்தே கேட்கின்றான். வென்றவன் காதில் அது விழுவதில்லை. ஆகவே தன்னம்பிக்கைப் பாடல் ஊக்கத்தை வழங்கும்போதே பழியையும் பங்கிடுகின்றது. ஓர் இளைஞனின் தோல்விக்கு அவன் பொறுப்பா, அவனைத் தடுத்தோர் பொறுப்பா, ஒருவருமே பொறுப்பல்லரா என்னும் அறவினாவிற்கு ஒவ்வொரு பாடலும் அறிந்தோ அறியாமலோ ஒரு விடையைக் கூறிவிடுகின்றது. அவ்விடையைக் கொண்டே பாடலின் அறத்தை மதிப்பிடவேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

இதனை அளவைநூல் நுட்பம் எனத் தள்ளிவிட இயலாது. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் மாணவரைப் பற்றிய செய்திகளை ஆண்டுதோறும் படித்துவருகின்றோம். 'நீ முயன்றிருந்தால்' என்று பிறர் கூறுமுன்னரே தமக்குத் தாமே கூறிக்கொண்டவர்கள் அவர்களுள் எத்துணைப்பேர் இருப்பர் என்று எண்ணாமலிருக்க முடிவதில்லை. தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயிற்றுவிப்போர்க்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கு வகுப்பிற்கு வரும் தமிழ்க்குடும்பத்து மாணவர் பலர், எழுத்தை அறியுமுன் பாட்டை அறிந்தவர்கள். அவர்கள் மனப்பாடமாகக் கூறும் முதல் தமிழ் அறநூல் பெரும்பாலும் ஒரு திரைப்பாடலாகவே இருக்கக் காண்கின்றோம்.

தன்மானமும் தன்னம்பிக்கையும்

தன்னம்பிக்கை என்னும் தொகைச்சொல் இன்று பெற்றிருக்கும் செல்வாக்கு அண்மைக்காலத்தது. பழந்தமிழ் நூல்கள் ஊக்கம், உரன், உள்ளம், தாளாண்மை, ஆள்வினை ஆகிய சொற்களையே பெரிதும் கையாண்டன. இவற்றுள் ஆள்வினை, தாளாண்மை ஆகியன செயலைச் சுட்டுவன. தன்னம்பிக்கையோ செயலுக்கு முற்பட்ட மனநிலையைச் சுட்டுவது. இவ்வேறுபாடு சிறிதன்று.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பொதுவாழ்வில் இளைஞரைக் கிளர்ந்தெழச் செய்த சொல் தன்னம்பிக்கையன்று, சுயமரியாதை. பெரியார் ஈ.வெ.ரா.வின் தலைமையில் 1925 முதல் வளர்ந்த இயக்கம் அச்சொல்லையே பெயராகக் கொண்டது. சுயமரியாதை என்பது எப்போதும் இன்னொருவரை நோக்கிய கோரிக்கை. 'என்னைத் தாழ்வாக நடத்தாதே' என்பது அதன் உள்ளீடு. தாழ்வாக நடத்துவோர் ஒருவர் இருத்தலை அது முற்கோளாகக் கொள்கின்றது. தன்னம்பிக்கையோ ஒருவன் தன்னிடமே வைக்கும் கோரிக்கை. அதற்கு இரண்டாமவர் வேண்டுவதில்லை. தனித்தீவில் வாழ்பவனும் தன்னம்பிக்கை கொள்ளலாம். சுயமரியாதைக்கு அங்குப் பொருளில்லை எனலாம்.

எதிர்ப்புணர்வு என்பது இயல்பிலேயே சுயமரியாதையின் இனத்தைச் சார்ந்தது. எதிர்க்கப்படும் ஒன்று இல்லாமல் எதிர்ப்பு இல்லை. திரைப்பாடல்களில் நேர்ந்துள்ள நுட்பமான மாற்றம் யாதெனில், எதிர்ப்பின் முழக்கமும் பறையொலியும் உயர்த்திய கையும் அவ்வாறே நிற்க, எதிர்க்கப்படும் பொருள் மட்டும் மெல்ல நழுவிப்போனமையாகும். எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' போன்ற நூல்கள் தமிழ் வாசகரிடையே பரவிய காலத்தில் இம்மாற்றம் விரைவு பெற்றது. அவரது பெயரையே நாயகனுக்குச் சூட்டி கே. பாலசந்தர் 1988இல் 'உன்னால் முடியும் தம்பி' என்னும் படத்தை எடுத்தார். அந்நாயகன் தன் முன்னேற்றத்திற்காக உழைப்பவன் அல்லன். ஓர் ஊரைக் குடியிலிருந்து மீட்பவன். தலைப்பில் 'நீ' நின்றாலும் பயன் ஊரைச் சேர்கின்றது என்பதையும் மறைத்தலாகாது.

வள்ளுவர் பழியைப் பங்கிட்ட முறை

முயற்சியைப் போற்றும் பாடல்களுக்கு மேற்கோளாகத் திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரம் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. உலைவின்றி முயல்வார் ஊழையும் புறங்காண்பர் என்னும் 620ஆம் குறட்பொருளே இன்றைய மேடைகளில் மிகுதியும் ஒலிப்பது. ஆனால் பழியைப் பற்றிய நம் வினாவிற்கு நேர்விடை 618ஆம் குறளில் உள்ளது. பொறியின்மை ஒருவனுக்கும் பழியாகாது. அறியவேண்டுவன அறிந்து முயலாமையே பழி என்பது அதன் பொருள். 'பொறி' என்பதனைப் பரிமேலழகர் விதி என்று கொண்டார். உறுப்பு என்று கொள்வாரும் உளர். எவ்வுரையைக் கொண்டாலும், தன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதற்காக ஒருவனைப் பழித்தல் தகாது என்னும் எல்லைக்கோட்டை வள்ளுவர் முதலில் வகுத்துவிட்டே முயற்சியின்மையைப் பழிக்கின்றார். மேடைத் தமிழ் இக்குறளின் பிற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

அதே அதிகாரத்தில் 613ஆம் குறள், பிறர்க்கு உதவுதலாகிய வேளாண்மையின் பெருமிதம் தாளாண்மையில் தங்கியுள்ளதென்கிறது. 615ஆம் குறள், முயற்சியை விரும்புவோனைச் சுற்றத்தாரின் துன்பம் துடைத்து அவரைத் தாங்கும் தூணாகக் காண்கிறது. முயற்சி எதற்கு என்னும் வினாவிற்கு வள்ளுவர் தரும் விடை 'பிறர்க்கு' என்பதாக இருப்பது நோக்கத்தக்கது. முயல்பவன் உயர்ந்து நிற்பதோடு பொருள் முற்றுப்பெறுவதில்லை.

இன்னும் ஒன்று. ஆள்வினையுடைமை பாடிய அதே புலவர்தாம் இரவச்சம் அதிகாரத்தில், ஒருவன் இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகை அவ்வாறு இயற்றியவனே அலைந்து கெடுவானாக என்று சினந்துரைத்தார் (குறள் 1062). இரப்பவனை நோக்கி 'நீ ஏன் முயலவில்லை' என்று அங்கு அவர் கேட்கவில்லை. பழியை உலகமைப்பின்மேல் ஏற்றினார். தமிழிலக்கியத்தின் மிகக் கூர்மையான எதிர்ப்புக் குரல்களுள் ஒன்று இது. முயற்சியின்மையைப் பழித்தலும் அமைப்பைப் பழித்தலும் ஒரு நூலுக்குள் முரணின்றி இயைந்து நிற்கின்றன. இரண்டும் சேர்ந்தே அறமாகின்றன. 618இன் பிற்பகுதியைப் பாடி 1062ஐ மறந்த தன்னம்பிக்கை வள்ளுவருடையதன்று.

நாம், நான், நீ

தன்மைப் பன்மையில் கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்' ஒருபுறமும் கேட்போரை விலக்கும் 'நாங்கள்' மறுபுறமும் நிற்பது தமிழின் இயல்பு. 'உளப்பாட்டுத் தன்மைப் பன்மை' என்னும் இலக்கணக் குறியீட்டைக் கற்பிக்கும்போது அது ஓர் அறநிலையையும் குறிக்கின்றது என்பதை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. யாரை உள்ளடக்கிப் பாடுகிறோம் என்பதே யார் பொறுப்பேற்கிறார் என்பதையும் காட்டும்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930–1959) தஞ்சை மாவட்ட உழவர் இயக்கத்தில் உருவானவர். 'நாடோடி மன்னன்' (1958) படத்திற்கு அவர் எழுதிய உரையாடற்பாட்டில், வெறுமனே கிடந்த நிலத்தைக் கொத்திப் பண்படுத்தி விளைவித்த வரலாற்றை ஆண்குரல் அடுக்கிச் சொல்ல, விளைந்தும் நமக்கு மிஞ்சியது என்ன என்று பெண்குரல் கேட்கிறது. இங்கு உழைப்பில் குறையில்லை. முயற்சி முழுமையாகவே நிகழ்ந்துள்ளது. எனினும் பயன் இல்லை. 'முயன்றால் முடியும்' என்னும் கூற்றை இப்பாட்டு மறுக்கவில்லை. முயன்றதும் உண்மை, விளைந்ததும் உண்மை, கிடைக்காததும் உண்மை என்று கணக்கைத் திறந்து காட்டுகிறது. தோல்விக்குப் பழி உழைத்தவன்மேல் விழுவதற்கு அதில் இடமே இல்லை. 'நமக்கு' என்னும் சொல் அப்பாட்டின் அச்சாணி.

ஆனால் அதே பாட்டு முடியும் இடத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். பொதுநன்மைக்கான சட்டத்தைத் தானே இயற்றப்போவதாக நாயகன் கூறும்போது, 'நாம்' சட்டென்று 'நான்' ஆகிவிடுகிறது. கதைப்படி அவன் அரசனிடத்தில் அமரப்போகிறவன் என்பதால் அது பொருந்துகிறது என்பர். எனினும் ஒரே பாடலுக்குள் நிகழ்ந்த இவ்விடமாற்றத்தில் அடுத்த இருபதாண்டுகளின் வரலாறு அடங்கியிருப்பதாகவே தோன்றுகிறது. 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்தில் சவுக்கைச் சுழற்றியவாறு நாயகன் பாடும் பாட்டை வாலி எழுதினார். என் ஆணை நிறைவேறுமாயின் ஏழையர் துயர் தீரும் என்பது அதன் நிலைப்பாடு. ஏழையின் தோல்விக்கு ஏழையைப் பழிக்கும் குறிப்பு இங்கும் இல்லை. கொடியவன் எதிரே நிற்கிறான், அடியும் வாங்குகிறான். ஆயினும் எதிர்க்கும் வேலையை ஒருவரே மேற்கொண்டுவிடுகிறார்; அரங்கிலிருப்போர் கைதட்டுவோராகின்றனர். எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றதற்குப் பின்னுள்ள பிம்ப அரசியலை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இங்கு அது விரிக்கப்படவில்லை.

கல்யாணசுந்தரத்தின் மறைவிற்குப்பின் வெளியான 'அரசிளங்குமரி' (1961) படத்துப் பாடல் ஒரு சிறுவனை ஒருமையில் விளிக்கிறது. 'நீ' என விளிக்கும் தன்னம்பிக்கைப் பாடல்களின் முன்மாதிரி இதுவே எனலாம். உடல் வளர்வதுபோல் அறிவும் வளரவேண்டும், பேய் உண்டென்பார் பேச்சை நம்பாதே என்று கூறும் அப்பாடல், தனியுடைமைக் கொடுமை தீரத் தொண்டு செய்யுமாறு அச்சிறுவனைப் பணித்து, எல்லாம் தாமே மாறும் என்பது பழைய பொய் என்றும் எச்சரிக்கிறது. தன் அறிவில் நம்பிக்கை வை என்பது முதற்படி. அந்நம்பிக்கையைக் கொண்டு எதனை மாற்றவேண்டும் என்பது அடுத்தபடி. பிற்காலப் பாடல்கள் முதற்படியிலேயே நின்றுவிட்டன.

'அண்ணாமலை' (1992) படத்திற்கு வைரமுத்து எழுதிய சூளுரைப் பாடல் இம்மாற்றத்தின் தெளிவான எல்லைக்கல். நண்பனால் இழிவுபடுத்தப்பட்ட பால்காரன் வெற்றி உறுதியென முழங்குகிறான். இழிவு உண்மையானது, இழிவுசெய்தவன் பெயர் அறியப்பட்டவன், சினமும் அறச்சினமே. ஆனால் சினம் தீர்வது எவ்வாறு? பால்காரன் பெருஞ்செல்வனாகிறான். செல்வமுடையோர் இல்லாதோரை இழிவுபடுத்தும் வழக்கம் அப்படியே நிற்க, இருக்கையில் அமர்ந்தவர் மட்டும் மாறுகிறார். 'ஒரே பாட்டில் பணக்காரர்' என்று மக்கள் பின்னர் நகைச்சுவையாகக் கூறத் தொடங்கியது வெறும் கேலியன்று. உழைப்பின் காலத்தைப் பாட்டு விழுங்கிவிட்டதைக் கண்டுகொண்ட திறனாய்வு அது. நாற்றுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களை ஒவ்வொன்றாகச் சொன்ன 1958ஆம் ஆண்டுப் பாட்டையும் இதனையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் வேறுபாடு விளங்கும்.

வேலையற்ற இளைஞனைப் பாடிய இரு படங்களையும் ஒப்பிடலாம். பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) தலைநகர் தில்லியில் வேலைதேடும் தமிழிளைஞரின் கதை. பாரதியின் கவிதைகளை நாவிலேந்தித் திரியும் நாயகன் இறுதியில் முடிதிருத்தும் தொழிலாளியாகிறான்; தந்தை அவனை அந்நிலையில் காண்கிறார். உலக வழக்கில் அது தோல்வி. படம் அதனைத் தோல்வியென்று கூற மறுக்கிறது. தாழ்வெனக் கருதப்பட்ட தொழிலில் நிமிர்ந்து நிற்கும் அவ்விளைஞனிடம் இருப்பது தன்னம்பிக்கை என்பதைவிடத் தன்மானம் என்பதே பொருந்தும். 'வேலையில்லா பட்டதாரி' (2014) நாயகனோ, தனுஷ் எழுதிய பாடல்களின் துணையோடு, பெருநிறுவனத்து வாரிசை வென்று காட்டுகிறான். வேலையற்ற பிற பட்டதாரிகளையும் அவன் துணைக்கழைக்கிறான் என்பதால் 'நாம்' முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால் வெல்லாமற்போனால் அவனைப் பற்றி என்ன சொல்வது என்பதற்கு 1980ஆம் ஆண்டுப் படத்திடம் ஒரு சொல் இருந்தது, பின்னதிடம் இல்லை.

உளியும் கல்லும்

தன்னம்பிக்கைப் பாடல்களில் மிகுதியாகப் பயின்றுவரும் உவமை உளியும் கல்லும். அடியைப் பொறுக்கும் கல்லே சிலையாகும். ஆகவே வலியைப் பொறுத்துக்கொள் என்பது அதன் பொருள். 'ஆட்டோகிராஃப்' (2004) படத்திற்குப் பா. விஜய் எழுதிய பாடல் இவ்வுவமையைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றது. அப்பாடல் அவருக்குச் சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருதையும், பாடிய கே.எஸ். சித்ராவிற்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதையும் பெற்றுத்தந்தது. பள்ளி விழாக்களில் அது இன்றும் ஒலிக்கின்றது.

உவமையைச் சற்று ஆராய்வோம். கல் அடிபடுகிறது, அடிப்பவன் சிற்பி. சிற்பிக்கு நோக்கம் உண்டு, அந்நோக்கம் நன்று, அதன் முடிவில் சிலை உண்டு. ஆதலின் அடிப்பவனைப் பழிப்பதற்கில்லை. நன்றி பாராட்டவே வேண்டும். இவ்வுவமை பொருந்தும் இடங்கள் உள்ளன. ஆசிரியரின் கண்டிப்பு, இசைப்பயிற்சியின் கடுமை, விளையாட்டு வீரர் மேற்கொள்ளும் உடல்வருத்தம் ஆகியன அத்தகையன. சாதியின் பெயரால் வகுப்பறையில் ஒதுக்கப்பட்ட மாணவனை அடித்த உளி யார் கையிலிருந்தது? கூலி மறுக்கப்பட்டவனைச் செதுக்க முனைந்த சிற்பி யார்? அவ்விடங்களில் இவ்வுவமை கொடுமை செய்தவனைக் கலைஞனாக்கிவிடுகிறது. பொறுத்துக்கொள்ளாத கல்லை உடைந்த கல்லென்று ஒதுக்கவும் செய்கிறது.

மேற்கூறிய பாடலை இக்குற்றச்சாட்டிற்கு ஆளாக்குவது நேர்மையன்று. படத்தில் அதனைப் பார்வையற்ற இசைக்குழுவினர் மேடையில் பாடுகின்றனர். பார்வையின்மை எவரும் இழைத்த தீங்கன்று. வள்ளுவரின் சொல்லில் அது பொறியின்மை, பழியற்றது. தீங்கிழைத்தவர் இல்லாத துன்பத்தின்முன் மனிதனுக்கு எஞ்சியிருப்பது மனவுறுதியே. அங்கு அப்பாடல் தனக்குரிய இடத்தில் நிற்கின்றது. கேட்போர் கண்ணீர் மல்குவதும் நியாயமே. சிக்கல் எழுவது பாடல் இடம்பெயரும்போது. அதே பாடலைக் கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பை நிறுத்தும் மாணவனுக்குப் பாடிக்காட்டினால், இழைத்தவர் உள்ள துன்பம் இழைத்தவரற்ற துன்பமாக வேடமிடுகின்றது. ஒரு பாடலின் அறம் அதன் சொற்களில் மட்டும் உறைவதன்று. யார் யாரிடம் எச்சூழலில் பாடுகின்றார் என்பதிலும் உறைகின்றது. அகப்பாடலுக்குக் கூற்றும் கேட்போரும் இன்றியமையாதன என்று கற்பிக்கும் நாம், திரைப்பாடலுக்கு அவற்றை மறந்துவிடுகிறோம்.

ஒரு மறுப்பு

இங்கு வலுவான மறுப்பொன்று எழக்கூடும். தலைமுறைகளாக 'நீ ஒன்றுமில்லை' என்று கூறப்பட்ட ஒருவன் 'நான் இருக்கிறேன், என்னால் இயலும்' என்று கூறுவதே எதிர்ப்பன்றோ? அவனுக்குத் தன்னம்பிக்கையும் தன்மானமும் வேறுவேறா? இம்மறுப்பில் உண்மை உண்டு. இழிவு ஒருவனின் உள்ளத்திற்குள் குடிபுகுந்துவிட்டால், அதனை வெளியேற்றுவது எதிர்ப்பின் முதல் நிகழ்ச்சியாகும். அரங்கில் சவுக்கைக் கண்டு எழுந்த ஆரவாரத்திலும் இவ்வுண்மையின் ஒரு கூறு இருந்திருக்கலாம். ஆகவே தன்னம்பிக்கைப் பாடலை முற்றாகப் புறந்தள்ளுதல் கூடாது. ஆனால் தன்னைத் தாழ்த்தியவர் யார் என்பதை மறவாமல் பாடப்படும்போதே அது எதிர்ப்பாகின்றது. 'நீ ஒன்றுமில்லை' என்று கூறிய வாயைப் பாட்டிலிருந்து அழித்துவிட்டால், எஞ்சுவது ஓர் உடற்பயிற்சிக் கூடத்து முழக்கம்.

அண்மைக்காலத்தில் அவ்வாயைப் பாட்டிற்குள் மீண்டும் கொண்டுவந்தோர் திரைக்கு வெளியிலிருந்தே வந்தனர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியால் உருவாகி 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு, அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்தாக்கத்திலிருந்து தன் பெயரைப் பெற்றது. கானாவும் ராப்பும் கலந்த அவர்களது பாடல்களுள் இடஒதுக்கீட்டைப் பொருளாகக் கொண்டதும் ஒன்று. தகுதி, திறமை, முயற்சி ஆகிய சொற்கள் யாருக்கு எதிராகப் பயன்படுத்தப்படுகின்றன என்பதே இடஒதுக்கீட்டு விவாதத்தின் உயிர்நாடி. தன்னம்பிக்கைப் பாடல்கள் நெடுங்காலம் தொடாமல் விட்ட இடமும் அதுவே. இக்குழுவினரின் சில பாடல்களில் முழக்கம் கவிதையை விஞ்சிவிடுகிறது என்பது என் கருத்து. ஆனால் பழி யார்மேல் என்னும் வினாவை அவர்கள் கைவிடவில்லை.

இரஞ்சித்தின் 'காலா' (2018) மும்பையின் தாராவியைக் களமாகக் கொண்டது. அங்குள்ள ராப் இளைஞரும் அதன் பாடல்களில் பங்கேற்றனர். ஓராண்டு கழித்து அதே தாராவியிலிருந்து ஜோயா அக்தரின் 'கல்லி பாய்' (2019) என்னும் இந்திப்படமும் வந்தது. தமக்கும் ஒரு காலம் வரும் என்று முழங்கும் அதன் புகழ்பெற்ற பாடலில் நிற்கும் 'அப்னா' என்னும் சொல், மும்பை வழக்கில் 'என்னுடைய' என்றும் 'நம்முடைய' என்றும் பொருள்படவல்லது. பாடுபவன் ஒருவனா, ஒரு சேரியா என்பதை அச்சொல் முடிவுசெய்வதில்லை. தமிழிலோ அவ்வாறு இரண்டுங்கெட்டு நிற்க இயலாது. 'என்' என்றோ 'நம்' என்றோ 'எங்கள்' என்றோ ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இது மொழியின் குறைபாடன்று. பாடலாசிரியன் தன் அறநிலையை மறைத்துக்கொள்ள நம் இலக்கணம் இடங்கொடுப்பதில்லை.

விளிச்சொல் பற்றி

எழுச்சிப் பாடல்களின் விளி பெரும்பாலும் 'டா' என்றே முடிகின்றது. கல்யாணசுந்தரத்தின் சிறுவன் முதல் இன்றைய நாயகன் வரை எழுமாறு பணிக்கப்படுபவன் ஆண்மகன். பாரதி புதுமைப்பெண்ணைப் பாடி நூறாண்டுகள் கடந்தபின்னும் திரையில் பெண்ணை எழுப்பும் பாடல் அரிதாகவே இருந்துவருகின்றது. '36 வயதினிலே' (2015) படத்திற்கு விவேக் எழுதிய பாடல் 'டி' என்னும் விளியைக் கையாண்டது குறிப்பிடத்தக்கது. தோழியரிடையே அன்பிற்கும் ஆணின் வாயில் அதட்டலுக்கும் பயன்படும் அச்சொல்லைப் பெண்குரலே பாடும்போது அது தோழமைக்கு மீட்கப்படுகின்றது. அப்படத்து நாயகிக்குத் தடையாக நின்றவை அவளது முயற்சிக்குறைவல்ல. வயது, இல்லம், கணவனின் அலட்சியம் ஆகியன. பெண்ணைப் பாடும்போது தடைகளைப் பெயர்சொல்லிக் கூறாமல் 'உன்னை நம்பு' என்று மட்டும் கூறுவது எத்துணைப் பொருளற்றது என்பது உடனே விளங்கிவிடுகிறது. ஆணைப் பாடும்போது அது விளங்காமற்போவது ஏன் என்பது தனியாய்விற்குரியது.

தோட்டமும் தொண்டையும்

2021இல் வெளியாகி உலகெங்கும் பரவிய 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் தனிப்பாடலை அறிவு எழுதினார். தீயும் அவரும் இணைந்து பாடினர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் நினைவே அதன் கரு என்று அவர் கூறியுள்ளார். ஒப்பாரியின் சாயலில் அமைந்த அதன் ஒரு பகுதி, மரம் வளர்த்துத் தோட்டம் அமைத்தும் தன் தொண்டை நனையவில்லை என்று முறையிடுகிறது. நிலத்தைக் கொத்தி விளைவித்தும் நமக்கு மிஞ்சியது என்ன என்று 1958இல் பெண்குரல் கேட்ட அதே கேள்வி, அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின் வேறு தாளத்தில் வருகிறது. அறிவு கல்யாணசுந்தரத்தைப் பின்பற்றினார் என்று நிறுவுவது என் நோக்கமன்று. இருவரும் நாட்டார் பாடலிலிருந்து எடுத்தனர் என்பதே பொருத்தமான விளக்கமாகலாம்.

இப்பாட்டு 'முயல்' என்றோ 'வெல்வாய்' என்றோ ஊக்குவதையே தன் பொருளாகக் கொள்ளவில்லை. முன்னோர் விட்டுச்சென்ற நிலத்தையும் நீரையும் காட்டையும் நாயையும் கோழியையும் பெயர்சொல்லி அழைத்து, இவை நமக்குரியவை என்கிறது. கேட்கும் இளைஞன் அதிலிருந்து பெறும் பெருமிதம் தன்னுள்ளிருந்து தோண்டியெடுத்ததன்று. பாட்டியின் உழைப்பிலிருந்து வழிவழியாக வந்தது. அதனைத் தன்னம்பிக்கை என்னும் சொல்லால் குறிக்கலாமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. இதற்கு வேறொரு சொல் நம் பழைய நூல்களில் இருக்கக்கூடும். குடிமை, மானம், குடிசெயல்வகை என்னும் அதிகாரங்களிலிருந்து அத்தேடலைத் தொடங்கலாம். ஆனால் அவற்றுள் 'குடி' என்பதற்குரிய பொருள் இப்பாட்டியையும் உளப்படுத்துமாறு விரியுமா என்பதை முதலில் ஆராய்ந்தாக வேண்டும்.